காலண்டரில் காலியாக இருந்த நாள்

ஹூஸ்டனில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2018 ஜூனில் ஒரு மென்பொருள் ரிலீஸுக்கு நாள் குறிக்கச் சொன்னார்கள். காலண்டரில் 19, செவ்வாய்க்கிழமை, காலியாக இருந்தது. போட்டுவிட்டேன்.

டெஸ்டிங் குழுவில் மூத்தவரான ஒரு கறுப்பினப் பெண்மணி என் மேசைக்கு வந்தார். "அன்று நான் வரமாட்டேன். ஜூன்டீன்த்" என்றார். எனக்கு விளங்கவில்லை. தேதியை மாற்றவும் இல்லை.

அன்றிரவுதான் தேடிப் படித்தேன். அதிபர் லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1-லேயே வந்துவிட்டது. உள்நாட்டுப் போரில் எதிர்ப்பக்கம் இருந்த டெக்சாஸில் அதை அமல்படுத்தத்தான் படை இல்லை. இரண்டரை வருடம் கழித்து, 1865 ஜூன் 19 அன்று, ஜெனரல் கோர்டன் கிரேஞ்சர் கால்வெஸ்டனில் அடிமைகள் எல்லோருக்கும் விடுதலை என்று ஆணை பிறப்பித்தார். அந்த நாள்தான் ஜூன்டீன்த். டெக்சாஸில் அப்போது அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள் சுமார் 2,50,000 பேர். கால்வெஸ்டன் இங்கிருந்து ஒரு மணி நேரம். எத்தனையோ சனிக்கிழமை கடற்கரைக்குப் போயிருக்கிறேன்.

ஆணை சில வரிகள்தான். எஜமானுக்கும் அடிமைக்கும் இருந்த உறவு இனி முதலாளிக்கும் கூலியாளுக்கும் உள்ள உறவு என்கிறது. சரி. அப்புறம், இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள், சும்மா இருப்பவர்களுக்கு ஆதரவு கிடையாது என்கிறது. தலைமுறை தலைமுறையாகக் காசு வாங்காமல் உழைத்தவர்களிடம் சொன்ன சொல் அது. அந்த வரியைத் தாண்ட எனக்கு நேரமாயிற்று.

மறுநாள் மன்னிப்புக் கேட்டு, ரிலீஸை வியாழனுக்குத் தள்ளினேன். 19 அன்று மாலை அவர் என்னை எமன்சிபேஷன் பூங்காவுக்கு வரச் சொன்னார். விடுதலையானவர்கள் ஏழே வருடத்தில், 1872-இல், பணம் சேர்த்து வாங்கிய பத்து ஏக்கர் நிலம் அது. இந்த நாளைக் கொண்டாடத் தங்களுக்கென்று ஓர் இடம் வேண்டும் என்றே வாங்கினார்கள். கையில் சிவப்பு சோடா ஒன்றைக் கொடுத்தார். சிந்திய ரத்தத்தின் நினைவாக இன்றைக்கு எல்லாம் சிவப்பு என்றார்.

ஓபல் லீ என்ற மூதாட்டி இந்த நாளைத் தேசிய விடுமுறையாக்கக் கேட்டு 2016-இல், 89 வயதில், டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்திலிருந்து வாஷிங்டனை நோக்கி நடக்கத் தொடங்கியவர். 2021 ஜூன் 17 அன்று அது தேசிய விடுமுறையானது. எங்கள் அலுவலகமும் விடுமுறை விட்டது. என்னைப் பூங்காவுக்கு அழைத்த அந்தப் பெண்மணி அதற்கு முந்தைய வருடமே ஓய்வு பெற்றிருந்தார். பணியில் இருந்த காலமெல்லாம் ஒவ்வொரு ஜூன் 19-க்கும் தன் சொந்த விடுப்பில் ஒரு நாளைக் கொடுத்தவர். போன் செய்தேன். பூங்காவில்தான் இருப்பேன், சனிக்கிழமை வந்துவிடு என்றார்.