கற்பனைன்னா கட்டளையா, கற்பனையா?

"நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்"னு பைபிள்ல யோவான் 14:15ல இருக்கு. அங்க கற்பனைன்னா கட்டளை. மனசுல ஒரு உருவத்தைக் கொண்டுவந்து பாக்குறதுக்கும் நம்மகிட்ட அதே சொல்தான். இறையியலும் கலையும் எங்க சேருது எங்க முட்டிக்குதுன்னு படிக்க ஆரம்பிச்சதுல இருந்து இந்த ரெண்டு அர்த்தமும் என்னை விடவே மாட்டேங்குது.

யாத்திராகமம் 20ல சொரூபம், அதாவது கும்பிடுறதுக்கான உருவம், எதையும் உண்டாக்காதேன்னு கற்பனை வருது. பதினோரு அதிகாரம் தள்ளிப் போனா, அதே சீனாய் மலையில கடவுளே பெசலெயேல்னு ஒரு ஆளைப் பேர் சொல்லி, அவனை தேவ ஆவியால நிரப்பினேன்னு சொல்றார், எதுக்குன்னு பாத்தா பொன்லயும் வெள்ளியிலயும் மரத்துலயும் யோசிச்சு வேலை செய்றதுக்கு! முதல் பகுதியை வெச்சு நான் கேட்ட பிரசங்கங்களுக்குக் கணக்கே இல்ல, பெசலெயேல் பத்தி ஒண்ணுகூட கேட்ட ஞாபகம் இல்ல.

உருவம் செய்யலாமா கூடாதாங்கிற இந்தச் சண்டை 8ஆம் நூற்றாண்டுல பைசாந்தியத்துல, அதாவது கிழக்கு ரோமப் பேரரசுல, பெருசா வெடிச்சுது, பேரரசரே திருவுருவங்களை அழிக்கச் சொன்ன காலம் அது. அப்போ தமஸ்கு யோவான்ங்கிற துறவி சொன்ன பதில் எனக்கு இன்னைக்கும் பெரிய விஷயமாத் தெரியுது. காணமுடியாத கடவுளை யாரும் வரைய முடியாதுதான், ஆனா அவர் மாம்சமாகி மனுஷங்க நடுவுல நடமாடின பிறகு அந்த முகத்தை வரையலாம்ங்கிறார். 787ல ரெண்டாம் நிசேயா சங்கம்னு கூடின திருச்சபைத் தலைவர்கள் கூட்டமும் இந்தப் பக்கம்தான் நின்னுது, அப்புறமும் ஒரு சுத்து அடிச்சு 843லதான் ஓய்ஞ்சுது.

ஆனா என்னை நிஜமாவே உலுக்கினது வாதம் கிடையாது, ஒரு ஓவியம். க்ரூனவால்ட்ங்கிற ஜெர்மன் ஓவியர் 1512க்கும் 1516க்கும் நடுவுல வரைஞ்ச இசன்ஹைம் பலிபீட ஓவியம், இப்போ பிரான்ஸ்ல கோல்மார் மியூசியத்துல இருக்கு. நான் பாத்தது அதோட போட்டோக்கள்தான், ஆனா பெருசாக்கி பெருசாக்கி பல ராத்திரி பாத்திருக்கேன். சிலுவையில தொங்குற உடம்பு பச்சை பாஞ்சு கெடக்கு, தோல் முழுக்க புண்ணு, அங்கங்க முள்ளு குத்தி நிக்குது, விரல்கள் விறைச்சு வானத்தைப் பாத்து விரிஞ்சிருக்கு. இவ்வளவு கோரமா ஏன்னு முதல்ல புரியல. இது இருந்தது அந்தோனியார் சபைத் துறவிகளோட மடத்துல, அவங்க பாத்துக்கிட்டது அந்தோனியார் நெருப்புன்னு ஒரு நோய் வந்தவங்களை. ரை தானியத்துல பிடிக்கிற பூஞ்சையால வர்றது, உடம்பு எரியும், கை கால் கருத்து அழுகும், வெட்டிக்கூட எடுப்பாங்க. அந்த நோயாளிங்களை இந்தப் படத்துக்கு முன்னாடி கொண்டுவருவாங்களாம். அவங்க பாத்தது தங்களோட தோலை.

சிலுவைக்கு வலது பக்கம், இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவான் ஸ்நானன் நிக்கிறார், கையில வேதம், இன்னொரு கையில நீளமான விரலால இயேசுவைக் காட்டுறார். சரித்திரப்படி இது நடக்கவே முடியாது, ஏரோது அவரோட தலையை எப்பவோ வெட்டியாச்சு. ஆனாலும் க்ரூனவால்ட் அவரைக் கொண்டுவந்து நிறுத்துறார், பக்கத்துல இயேசுவைப் பத்தி அவரே சொன்ன வசனம் லத்தீன்ல, "அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்". அந்த வசனத்தை மனசுல வெச்சுக்கிட்டு மறுபடி பாருங்க, இயேசுவோட உடம்பு மத்த எல்லாரையும் விட பெருசு, சிலுவையடியில மண்டியிட்டு அழுற மகதலேனா மரியாள் ரொம்பச் சின்ன உருவம். பெருக, சிறுக, ரெண்டையும் அளவாவே வரைஞ்சு வெச்சிருக்கார்.

படிக்கத் தெரியாதவங்களுக்காகத்தான் கோயில்ல படம் வெச்சாங்கன்னு ரொம்ப நாளா நம்பிட்டு இருந்தேன். இப்போ அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது, அந்த லத்தீன் வரியை நான் எத்தனையோ தடவ தமிழ்ல மனப்பாடமா ஒப்பிச்சிருக்கேன், மகதலேனாவோட சின்னக் கைகளைப் பாத்த அன்னைக்குத்தான் அது எனக்குள்ள இறங்குச்சு.