டிஆர்கேஐ முதல் நிலை: என்னைக் கவிழ்த்த ஓரெழுத்து

வெளிநாட்டவருக்கான ரஷ்ய மொழித் தேர்வான டிஆர்கேஐ-இன் முதல் நிலை முடிவு நேற்று வந்தது. இலக்கணத் தாளில் 81 சதவீதம். முதல் முறை 58; மற்ற நான்கு தாள்களிலும் அப்போதே தேறியிருந்தேன். தேர்ச்சிக்கு வேண்டிய 66-ஐ எட்டவிடாமல் செய்தவை வேற்றுமைகள் அல்ல, வினைகளும் அல்ல. 'அ' என்ற ஓரெழுத்து இணைப்புச்சொல்லும் அதன் கூட்டாளிகளும்தான்.

ஆயத்த வகுப்பில் தந்த ஆங்கிலக் குறிப்பில் 'அ', 'நோ' என்ற இரண்டு ரஷ்ய இணைப்புச்சொற்களுக்கும் ஒரே பொருள் போட்டிருந்தது. நம்பினேன். 165 வினாக்கள், 60 நிமிடம்; உள்ளே போய் யோசிக்க நேரம் ஏது?

தோற்ற பிறகு ஓர் இரவு விடுதியில் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்: "அண்ணன் மாஸ்கோவில் இருக்கிறான், தங்கையோ கசானில்." சட்டென்று உறைத்தது. நம் 'ஓ'தான் அவர்களுடைய 'அ'! இருவரையும் அருகருகே நிறுத்திப் பார்க்கிறோம், அவ்வளவுதான். அங்கே முரண் எதுவும் இல்லை. "காய்ச்சல், ஆனாலும் தேர்வுக்கு வந்தான்" என்பதில் எதிர்பார்ப்பு உடைகிறது. அது 'நோ'. அன்றே ஆங்கிலக் குறிப்பைக் கிழித்துப் போட்டேன். (அப்படிப்பட்ட குறிப்பை மனப்பாடம் செய்ய முடிந்தவர்கள் கிழிக்க வேண்டாம். எனக்கு அது ஏறாது.)

அதன் பிறகு என் நோட்டில் இருந்தவை:

- "தேநீர் அல்ல, காப்பி": நே சாய், அ கோஃபே. இங்கே 'நோ' போட்டால் மதிப்பெண் போச்சு.
- "வருவானா என்று தெரியாது": யா நே ஸ்னாயு, பிரித்யோத் லி ஓன். நம் 'ஆ' போலவே 'லி'யும் கேட்கப்படும் சொல்லின் பின்னால் ஒட்டும். ஆங்கிலம் வழியாக வந்தவர்கள் நிபந்தனைச் சொல்லான 'யெஸ்லி'யைப் போட்டு விழுவார்கள். நானும் விழுந்தேன்.
- "வந்ததாகச் சொன்னான்": ஷ்தோ. "என்னை வரும்படி சொன்னான்": ஓன் ஸ்கசால், ஷ்தோபி யா பிரிஷோல். இனிமேல்தான் வர வேண்டும், ஆனாலும் வினை இறந்தகால வடிவில். வாதாடாதீர்கள்.
- காரணத்தை முன்னே சொல்லிவிட்டால் அடுத்த பாதி பயேதமு. காரணம் பின்னால் வந்தால் பதமூஷ்தா. காரணத்தை வைத்தே வாக்கியத்தைத் தொடங்க வேண்டுமானால் தக் காக்.

எழுத்துத் தாளில் 'அ', 'நோ', 'ஷ்தோ' முன்னால் காற்புள்ளி. வேறொன்றும் சொல்வதற்கில்லை.

தமிழ் கைவிட்ட ஒரே இடம் 'பகா நே'. "பஸ் வரும் வரை காத்திருந்தோம்" என்பதில் நமக்கு எதிர்மறையே இல்லை. அவர்களோ வினைக்கு முன்னால் ஒரு 'நே' வைக்கிறார்கள். இரண்டாம் முறையும் அதைத் தவறாகத்தான் குறித்தேன்.