படத்தை நம்பினால் எங்கே சறுக்கும்: பாஷின் அடிக்கோள்

எல்லா முக்கோணமும் இருசமபக்க முக்கோணமே என்று ‘நிறுவும்’ பழைய கணக்கு ஒன்று உண்டு. முக்கோணம் கசட. க-வின் கோண இருசமவெட்டியும் சட-வின் மையக்குத்துக்கோடும் ம-வில் வெட்டட்டும். ம-விலிருந்து கச-வுக்கு மப, கட-வுக்கு மத என்று செங்குத்துகள் வரையுங்கள். கப = கத, மப = மத. மையக்குத்துக்கோட்டில் இருப்பதால் மச = மட. செங்கோணம், கர்ணம், பக்கம் விதிப்படி பச = தட. கூட்டினால் கச = கட!

சர்வசமம் காட்டிய இடங்களில் பிழையே இல்லை. கடைசிக் கூட்டலில்தான் கோளாறு. கச = 8, கட = 5, சட = 7 என்று அளந்து வரைந்து பாருங்கள். கப, கத இரண்டுமே 6.5. ப பக்கத்துக்குள் விழும்: 6.5 + 1.5 = 8. த-வோ ட-வைத் தாண்டி விழும்: 6.5 − 1.5 = 5. கைபோன போக்கில் வரையும்போது ம-வை முக்கோணத்துக்குள் வைத்துவிடுகிறோம். அது இருப்பது சுற்றுவட்டத்தில், க-வுக்கு எதிர்ப்புற வில்லில்.

ஆனால் வரைந்து பார்ப்பது நிரூபணம் ஆகாதே. ஒரு புள்ளி வேறு இரண்டுக்கு ‘இடையில்’ இருப்பது பற்றி யூக்ளிடிடம் அடிக்கோளே (நிரூபிக்காமல் ஏற்றுக்கொள்ளும் அடிப்படைக் கூற்றே) கிடையாது. ஜெர்மனியின் கீஸன் பல்கலைக்கழகத்தில் இருந்த மோரிட்ஸ் பாஷ் 1882-இல் அதைக் கொடுத்தார்: முக்கோணத்தின் தளத்தில், எந்த முனை வழியாகவும் போகாத நேர்கோடு ஒரு பக்கத்தை உள்ளே வெட்டினால், மற்ற இரண்டில் ஒன்றையும் வெட்டியே ஆக வேண்டும். மூன்றையும் வெட்ட முடியாது என்பதைத் தனியே நிறுவலாம். 1899-இல் கணிதவியலாளர் டேவிட் ஹில்பர்ட் வடிவியலுக்கான தன் அடிக்கோள்களின் இரண்டாம் தொகுதியான வரிசை அடிக்கோள்களில் இதைச் சேர்த்துக்கொண்டார்.

இதை நம் கணக்கில் பொருத்துவது எனக்கு மிகப் பிடித்த பகுதி. ம சுற்றுவட்டத்தில் இருப்பதால் மூன்று செங்குத்துகளின் அடிப்புள்ளிகளும் ஒரே கோட்டில், சிம்சன் கோட்டில், அமையும். சட-வில் உள்ள அடி அதன் நடுப்புள்ளி. ஆக, கோடு அந்தப் பக்கத்தை உள்ளேதான் வெட்டுகிறது. எனவே ப, த இரண்டில் சரியாக ஒன்றுதான் பக்கத்துக்குள் இருக்க முடியும். படமே தேவைப்படவில்லை.

ஆனால் யூக்ளிடின் முதல் தேற்றத்தில் உள்ள ஓட்டையை இது அடைக்காது. அங்கே, கொடுத்த கோட்டுத்துண்டின் மேல் சமபக்க முக்கோணம் வரைய, இரண்டு வட்டங்கள் வெட்டும் என்று அவர் எடுத்துக்கொள்கிறார். ஆயத்தொலைவுகள் எல்லாம் விகிதமுறு எண்களாக உள்ள தளத்தில் பாஷ் அடிக்கோள் பொருந்தும். ஆனால் (0, 0), (1, 0) மேல் எழுப்பும் சமபக்க முக்கோணத்தின் உச்சிக்கு √3/2 வேண்டும், அந்தப் புள்ளி அங்கே இல்லை. அதற்குத் தொடர்ச்சி பற்றிய அடிக்கோள் தனியாக வேண்டும்.