இடது கையில் இரண்டு எழுத்து

பக்கத்து வீட்டுப் பாட்டி இன்று மாலை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "என் தாத்தாவுக்குத் தாத்தா கிடைத்துவிட்டார், பாருங்கள்!"

திரையில் படம் எதுவும் இல்லை. பழைய ஆங்கிலக் கையெழுத்தில், கைதிகளின் பதிவேட்டில் ஒரு பக்கம். உயரம், கண்ணின் நிறம், புருவத்துத் தழும்பு.

அப்புறம், இடது கையில் பச்சை குத்திய இரண்டு எழுத்து. காதலியின் பெயரா, அம்மாவின் பெயரா? பாட்டி அந்த வரியையே திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தார்.

1853 வரை பிரிட்டன், ஆஸ்திரேலியாவின் தீவான இந்த டாஸ்மேனியாவுக்கு அனுப்பிய கைதிகள் 70,000-க்கும் மேல். தப்பி ஓடினால் பிடிக்க வேண்டுமே, அதற்காகத்தான் உடம்பை இப்படி அங்கம் அங்கமாக எழுதி வைத்தார்கள். கேமரா பரவலாக வராத காலம். பெரும்பாலான குடும்பங்களுக்கு இன்று அதுதான் முன்னோரின் ஒரே உருவப்படம்.

கைதியின் வம்சம் என்பதை வெகுகாலம் அவமானமென்று குடும்பத்தார் மறைத்தார்கள். சின்னத் திருட்டுக்கு 7 ஆண்டு நாடு கடத்தல்! பலர் ஊர் திரும்பவே இல்லை. இதில் வெட்கப்பட வேண்டியது பேரப்பிள்ளைகளா?

டாஸ்மேனியாவின் தலைநகர் ஹோபார்ட்டில் உள்ள ஆவணக் காப்பகம் இந்தப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒரே பெயரில் பலர் வருவார்கள். வந்த கப்பலின் பெயரும் தெரிந்தால் ஆளைப் பிரித்துக் கண்டுபிடிப்பது எளிது.