டிசிக் சாவி ஒன்றுதான், அர்த்தம் சர்வருக்குச் சர்வர் மாறும்

டிஎன்எஸ் (இணையப் பெயர்களுக்கு ஐபி முகவரி சொல்லும் அமைப்பு) நடத்துபவர்கள் சிலரிடம் முதன்மை சர்வரில் பைண்ட் மென்பொருள், துணை சர்வரில் என்எஸ்டி அல்லது நாட் டிஎன்எஸ் மென்பொருள் ஓடும். இப்படிக் கலந்து ஓட்டுவது நல்ல பழக்கம், ஒரு மென்பொருளில் ஓட்டை வந்தால் இரண்டும் சேர்ந்து விழாது. ஆனால் ஸோன் டிரான்ஸ்ஃபருக்கு, அதாவது ஒரு டொமைனின் பதிவுகள் முழுவதையும் (ஸோன்) முதன்மையிலிருந்து துணைக்கு நகலெடுப்பதற்கு, டிசிக் (பொது ரகசியச் சாவியால் டிஎன்எஸ் செய்திகளில் கையொப்பமிடும் முறை) போடும்போதுதான் பலரும் திணறுகிறார்கள்.

சாவியை உருவாக்க பைண்டோடு வரும் டிசிக்-கீஜென் கட்டளை போதும். அது தரும் ரகசியத்தை மட்டும் எடுத்துப் போய் மறுபக்கம் ஒட்டினால் வேலை செய்யாது. சாவியின் பெயரும் கோரிக்கையோடு போகிறது, கையொப்பக் கணக்கிலும் சேர்கிறது, அதனால் பெயர், அல்காரிதம், ரகசியம் மூன்றும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். லாகில் பேட்கீ என்று வந்தால் முதலில் பெயரைப் பாருங்கள். பேட்சிக் என்றால் பெரும்பாலும் ரகசியத்தில் ஓர் எழுத்து விட்டுப் போயிருக்கும். பேட்டைம் வந்தால் இரண்டு சர்வர்களின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. வழக்கமாக 300 வினாடி வரைதான் சலுகை. அல்காரிதத்துக்கு ஹெச்மேக்-ஷா256 போடுங்கள், 2020இல் வந்த ஆர்எஃப்சி 8945 (டிசிக்குக்கான இணையத் தர ஆவணம்) பழைய எம்டி5 அல்காரிதத்தைப் பயன்படுத்தவே கூடாது என்கிறது.

சரி, உண்மையில் ஆபத்தான இடம் வேறு. யாருக்கு ஸோன் தரலாம் என்று சொல்லும் என்எஸ்டியின் புரொவைட்-எக்ஸ்எஃப்ஆர் வரியில் ஐபியையும் சாவியையும் எழுதினால் இரண்டும் பொருந்தினால்தான் ஸோன் கிடைக்கும், நாட் டிஎன்எஸ்ஸின் ஏசிஎல்லிலும் (அனுமதிப் பட்டியல்) அப்படியே. இதே வேலையைச் செய்யும் பைண்டின் அலவ்-டிரான்ஸ்ஃபரில் அதே இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் ஏதாவது ஒன்று பொருந்தினாலே போதும், அதாவது அந்த ஐபியிலிருந்து சாவியே இல்லாமல் கேட்டாலும் முழு ஸோனும் போய்விடும், எந்த எச்சரிக்கையும் வராது. பைண்டில் சாவியை மட்டும் எழுதிவிடுவதே எளிது.

அப்புறம் நோட்டிஃபை, அதாவது ஸோன் மாறிவிட்டது என்று முதன்மை துணைக்கு அனுப்பும் அறிவிப்பு. என்எஸ்டியின் அலவ்-நோட்டிஃபை வரி சாவி கேட்கிறது, பைண்ட் கையொப்பம் இல்லாமல் அனுப்புகிறது என்றால் அறிவிப்பு நிராகரிக்கப்படும். டிரான்ஸ்ஃபர் என்னவோ நடக்கும், ஆனால் ஸோனின் எஸ்ஓஏ பதிவில் உள்ள ரெஃப்ரெஷ் நேரம் (துணை சர்வர் தானாகவே மாற்றம் உண்டா என்று பார்க்கும் இடைவெளி) வந்த பிறகுதான். மாற்றம் தாமதமாகப் போய்ச் சேர்கிறது என்று புகார் வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

டிசிக் உள்ளடக்கத்தை மறைக்காது, வழியில் பார்ப்பவர் படிக்கலாம். அது வேண்டாம் என்றால் 2021இல் வந்த ஆர்எஃப்சி 9103படி டிஎல்எஸ் (மறையாக்கிய இணைப்பு) மேல் டிரான்ஸ்ஃபர் செய்யலாம்.

எல்லாம் முடிந்ததும் துணை சர்வரிலிருந்தே டிக் கட்டளையில் (டிஎன்எஸ் கேள்வி அனுப்பும் கருவி) ஏஎக்ஸ்எஃப்ஆர், அதாவது முழு ஸோன், கேளுங்கள், ஒரு முறை சாவியோடு, ஒரு முறை சாவி இல்லாமல். இரண்டாவது தோற்க வேண்டும். பலர் முதலாவது ஜெயித்ததோடு எழுந்து போய்விடுகிறார்கள்.