லாவோவின் மதில்களுக்கு நடுவே ஒரு நாள்

சுவிட்சர்லாந்தின் பேர்ணிலிருந்து லோசான் செல்லும் தொடருந்து புய்டூ என்ற ஊரை ஒட்டிய சுரங்கத்தைக் கடந்து வெளியே வந்ததும், இடப்பக்கச் சன்னல்களில் லெமான் ஏரி (ஜெனீவா ஏரி) முழுவதும் கண்முன் விரியும். இந்தக் காட்சியைக் கண்ட ஜெர்மன் மொழிச் சுவிஸ்காரர்கள் திரும்பிப் போவதற்கான பயணச்சீட்டைச் சன்னல் வழியே எறிந்துவிடுவார்கள் என்று இங்கே ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு உண்டு. வேலை நிமித்தமாக அந்தப் பாதையில் போய்வரும்போதெல்லாம் கீழே தெரியும் லாவோ பகுதியின் திராட்சைத் தோட்டங்களை ஒரு நாள் அவசரமின்றி நடந்து பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். அறுவடை முடிந்து இலைகள் மஞ்சளாகியிருந்த ஓர் அக்டோபர் சனிக்கிழமையில் அது கைகூடியது.

லோசானில் வண்டி மாறி, சென் சஃபோரின் என்ற சிற்றூரில் இறங்கினேன். அங்குள்ள தேவாலயத்துக்குள் கிளாடியஸ் பேரரசர் காலத்து, கி.பி. 47ஆம் ஆண்டைச் சேர்ந்த ரோமானிய மைல்கல் ஒன்று நிற்கிறது. அங்கிருந்து லூட்ரி வரையான பாதை ஏறத்தாழ 11 கிலோமீட்டர். வேகமாக நடப்பவர்கள் மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். நான் மாலை வரை எடுத்துக்கொண்டேன்.

லாவோவில் முதலில் பார்க்க வேண்டியவை மதில்கள் என்பேன், ஏரி பிறகுதான். ஏரிக்கரையிலிருந்து செங்குத்தாக எழும் சரிவைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் கல் மதில் எழுப்பி மண்ணைத் தாங்கி நிறுத்தியிருக்கிறார்கள். மதில்களின் மொத்த நீளம் 400 கிலோமீட்டருக்கும் மேல். 11, 12ஆம் நூற்றாண்டுகளில் பெனடிக்ட், சிஸ்டர்சியன் சபைத் துறவிகள் தொடங்கிய இந்த வேலை இன்னும் முடிந்தபாடில்லை. மழைநீரை வடியவிடாவிட்டால் மதில் பிதுங்கிச் சரிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையும் ஏதாவதொரு மதிலைத் திரும்பக் கட்டிக்கொண்டேதான் இருக்கிறது. பல இடங்களில் உழவு இயந்திரம் நுழையவே முடியாது என்பதால், பறித்த பழங்களை ஒற்றைத் தண்டவாளத்தில் ஊரும் சின்னஞ்சிறு வண்டிகளில் ஏற்றி இறக்குகிறார்கள்.

இங்கே மூன்று சூரியன்கள் உண்டு என்பது உள்ளூர்க்காரர்களின் பெருமை: வானத்துச் சூரியன், ஏரி நீரில் பட்டுத் திரும்பும் ஒளி, பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் வெளிவிடும் மதில்களின் வெம்மை. வெயில் தாழ்ந்தபின் ஒரு மதிலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் மூன்றாவதை நம்பாமல் இருக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் திராட்சையைத் தலைக்குமேல் பந்தலில் படரவிட்டுப் பார்த்த கண்ணுக்கு, இந்தக் கொடிகள் இவ்வளவு தாழ்வாக நிற்பது முதலில் விநோதமாகத்தான் தெரியும்.

ரிவா, எப்பெஸ் என்ற ஊர்களுக்கு இடையில் இருக்கிறது டெசலே, லாவோவின் மிகப் பெயர்பெற்ற சரிவு. துறவிகள் திருத்திய இந்த நிலத்தின் ஒரு பகுதி, 1536இல் பேர்ண் படைகள் லாவோ அடங்கிய வோ நாட்டைக் கைப்பற்றிச் சீர்திருத்தக் கிறித்தவச் சமயத்தைக் கொண்டுவந்தபின் லோசான் நகரின் உடைமையாயிற்று. இன்றும் அந்த நகராட்சி தன் தோட்டங்களின் வைனை ஒவ்வொரு டிசம்பரிலும் ஏலத்தில் விற்கிறது. நகராட்சி என்றால் குப்பையும் வரியும் மட்டுமே நினைவுக்கு வரும் எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்திருந்தது.

மதிய உணவுக்கு எப்பெஸில் தங்கினேன். ஏரியில் பிடிக்கும் பெர்ச் மீனை வெண்ணெயில் பொரித்துத் தருகிறார்கள். அதற்குத் துணை ஷஸ்லா என்ற வெள்ளைத் திராட்சையின் வைன். இங்கே அதை டெசிலிட்டர் (லிட்டரில் பத்தில் ஒரு பங்கு) கணக்கில் கேட்டு வாங்கிச் சிறிய கண்ணாடிக் குவளையில் அருந்துவது வழக்கம். ஷஸ்லா பெருங்குரலெடுத்துப் பேசும் பழமல்ல. அதன் மணம் மெல்லியது, புளிப்பும் குறைவு. விளைந்த மண்ணின் வேறுபாடுதான் அதில் தெரியும் என்கிறார்கள். அடுத்தடுத்து வைத்த காலமேன், டெசலே ஆகிய இரு சரிவுகளின் வைன்களையும் சுவைத்தபோது வேறுபாடு எனக்கும் பிடிபட்டது. பின்னதில் ஏதோ தேன் போன்ற கனம். ஒரே நாளில் ஏழெட்டு வைன் நிலவறைகளில் ஏறி இறங்கிச் சுவைப்பவர்களைக் கண்டேன். மூன்றாவதற்குமேல் நாக்கு எதையும் சொல்லாது என்பது என் கருத்து.

இவ்வளவு அழகான சரிவில், லோசானுக்கு இத்தனை அருகில், மாடமாளிகைகள் ஏன் எழவில்லை? சூழலியல் போராளி ஃபிரான்ஸ் வேபர் லாவோவைக் காக்க முன்னெடுத்த கோரிக்கையை 1977இல் வோ மாநில மக்கள் வாக்களித்து ஏற்றதுதான் காரணம். 2007இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவிப்பதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே ஊர்மக்களின் வாக்கு கட்டட வணிகர்களைத் தடுத்துவிட்டது. கட்டுப்பாடுகளை மேலும் இறுக்க வேண்டும் என்ற வேபரின் பிந்தைய கோரிக்கை 2014இல் தோற்றது. தோட்டக்காரர்களும் வாழ வேண்டுமல்லவா என்ற எதிர்வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

அந்தத் தோட்டக்காரர்களில் பலர் பிறர் நிலத்தில் உழைப்பவர்கள். வெவே நகரின் வைன் உழவர் சங்கம் அவர்கள் பராமரிக்கும் கொடிகளை ஆண்டுதோறும் பார்வையிட்டு மதிப்பெண் இடுகிறது. ஒரு தலைமுறைக்கு ஒருமுறை நடத்தும் பெருவிழாவில் மிகச் சிறந்தவர்களுக்கு முடிசூட்டுகிறது. கடைசி விழா 2019இல் நடந்தது, அதற்கு முந்தையது 1999இல். நிலத்தின் சொந்தக்காரரை விட்டுவிட்டு, அதில் குனிந்து வேலை செய்தவரின் தலையில் மகுடம் வைக்கும் விழாவை நான் வேறெங்கும் கண்டதில்லை.