சிஓ கட்டத்தில் என்ன எழுதுவது?

எங்கள் இன்டர்னல் வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கு எதிரிலும் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்றில் சிஓ எண், அதாவது பாடத்தை முடிக்கும் மாணவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற இலக்கின் (கோர்ஸ் அவுட்கம்) எண். இன்னொன்றில் கே1 முதல் கே6 வரை ஏதாவது ஒன்று; கேள்வி கேட்கும் சிந்தனையின் படிநிலை அது. கே1 நினைவுகூர்தல், கே2 புரிந்துகொள்ளுதல், கே3 பயன்படுத்துதல் என்று ஏறிக்கொண்டே போகும். பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்), 2014-ல், பொறியியல் படிப்புகளின் அங்கீகாரத்தை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பினரானது. அதன் அங்கீகாரம் வேண்டுமென்றால் பாடத்தின் நோக்கமும் தேர்வும் ஒத்துப்போவதைக் காட்டியாக வேண்டும். ஆனால் பல இடங்களில் கேள்வியை எழுதி முடித்த பிறகுதான் கட்டம் நிரம்புகிறது.

நான் எடுக்கும் டேட்டாபேஸ் பாடத்தில் ஒரு சிஓ, டேபிள்களை நார்மலைஸ் செய்து (ஒரே தகவல் பல இடங்களில் திரும்ப வராதபடி பிரித்து) வடிவமைக்கத் தெரிய வேண்டும் என்கிறது. அப்படிப் பிரிப்பதன் படிகள்தான் நார்மல் ஃபார்ம்கள். வழக்கமாக வரும் 13 மார்க் கேள்வியோ, "நார்மல் ஃபார்ம்களை எடுத்துக்காட்டுடன் விளக்குக". வகுப்பே அதே மாணவர்-பாடம்-ஆசிரியர் டேபிளை மனப்பாடமாக எழுதும். விளக்குவது கே2தான். கட்டத்தில் மட்டும் கே3 என்று இருக்கும்!

இந்த முறை ஒரு மருந்துக்கடை பில்லைக் கொடுத்தேன். பில் எண், தேதி, வாடிக்கையாளர் பெயர், கைபேசி எண், மருந்துக் குறியீடு, மருந்தின் பெயர், விலை, எண்ணிக்கை எல்லாம் ஒரே டேபிளில். எது எதைச் சார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க 4 மார்க், கீ (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டுவது) எது என்பதற்கு 2, மூன்றாம் நார்மல் ஃபார்முக்குப் பிரிப்பதற்கு 7.

பில் எண்ணும் மருந்துக் குறியீடும் சேர்ந்ததுதான் கீ என்று பலர் பிடித்துவிட்டார்கள். பெயர் கைபேசி எண்ணைச் சார்ந்தது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்கினார்கள். விலையை மருந்து டேபிளுக்குக் கொண்டுபோன ஒரு மாணவி, ஓரத்தில் பென்சிலால் "விலை ஏறினால் பழைய பில் மாறிவிடுமே?" என்று எழுதியிருந்தார். சரியான சந்தேகம். விற்ற அன்றைய விலை பில் வரியிலேயே இருக்க வேண்டும். 'விளக்குக' என்று கேட்டிருந்தால் இந்தப் பென்சில் வரி வந்திருக்குமா?

பார்ட் ஏ-யில் வரும் இரண்டு மார்க் கேள்விகளை நான் மாற்றவில்லை. வரையறையும் தெரியத்தான் வேண்டும்.

சராசரி இறங்கியது. சிஓவை மாணவர்கள் எவ்வளவு எட்டினார்கள் என்று எக்செல்லில் எப்போதும் 3 காட்டும் அட்டெய்ன்மென்ட் 2 ஆனது. "ஆக்‌ஷன் டேக்கன் எழுதிக் கொடுத்திடுங்க மேடம்" என்றார் துறைத்தலைவர். டுடோரியல் பீரியடில் பஸ் டிக்கெட், கரண்ட் பில், நூலக ரெஜிஸ்டர் என்று கொடுத்துப் பிரிக்கச் சொல்லப்போவதாக எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.